புதுப்பிப்பு: கொல்லிமலை போய் வந்தாச்சு

கும்பகோணத்திலிருந்து வார இறுதியில் மலையேறிக் கூடாரம் போட எங்கே போகலாம் என்று கேட்டிருந்தேன். பச்சைமலை, கொல்லிமலை என இரண்டு பதில்கள் வந்தன. நண்பர்கள் கொல்லிமலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

திருச்சி, நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகப் போனோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பின்சீட்டில் இருந்தவன் பாதியிலேயே எலுமிச்சம்பழம் கேட்டுவிட்டான்.

ஆகாய கங்கை அருவிதான் உண்மையான சோதனை. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் கீழே இறங்குகின்றன. முதலில் இறக்கம், அப்புறம் ஏற்றம். குளித்துச் சோர்ந்த பிறகுதான் ஏற வேண்டும். வரப்பில் நடந்து பழகிய எங்கள் கால்களுக்கு இது புதுசு. தண்ணீரும் சிற்றுண்டியும் மேலேயே வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் படி வழுக்கும், செருப்போடு போகாதீர்கள்.

கூடாரம் பற்றி: வனத்துறை அனுமதியில்லாமல் காட்டுக்குள் தங்கக் கூடாது. நாங்கள் ஒரு காபித் தோட்டத்தில் உரிமையாளரிடம் கேட்டுப் போட்டோம். மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே நல்ல இடம். குளிர்தான் தாங்கவில்லை, டெல்டா ஆட்கள் போர்வையை இரண்டாகவே எடுத்துப் போங்கள்.

கார் இல்லாதவர்களுக்கு: நாமக்கல்லிலிருந்து மலைமேல் உள்ள செம்மேடு ஊருக்குப் பேருந்து உண்டு.