ஆடிக்கூழை வாங்கிக் குடித்தால் அன்பு குறைந்துவிடுமா?

வெள்ளவத்தைவாசி:
ஆடிப்பிறப்பு நெருங்குகிறது. எங்கள் தொடர்மாடியில் சென்ற ஆண்டே பல வீடுகளுக்குக் கூழும் கொழுக்கட்டையும் பிளாஸ்டிக் டப்பாக்களில்தான் வந்திறங்கின. தீபாவளிக்குப் பயற்றம்பணியாரமும் அரியதரமும் முறுக்கும் வெளியே சொல்லி எடுப்பது பழகிப்போன விடயம். அவை நாட்கணக்கில் இருக்கக்கூடியவை, எவர் சுட்டாலும் தின்னலாம். கூழ் அப்படியன்று. பயறு வறுபடும் வாசனையும் பனங்கட்டி கொதிக்கும் வாசனையும் வீட்டுக்குள் எழாமல் அந்த நாள் எப்படி ஆடி முதலாம் நாளாகும்? பிள்ளைகளுக்காக ஒரு மணித்தியாலம் அடுப்படியில் நிற்பது அத்தனை பெரிய பாரமா?

கொட்டாஞ்சேனை மருமகள்:
அண்ணா, அந்த ஒரு மணித்தியாலம் யாருடையது? தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அரசாங்க விடுமுறை உண்டு, ஆடிப்பிறப்புக்கு இல்லை. ஜூலை நடுவில் ஒரு வேலைநாளில், காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் நின்றபடியே வீடு வந்து சேர்ந்தவள்தான் தேங்காய் துருவிப் பால் பிழிந்து, பனங்கட்டியைக் கரைத்து மண் போக வடித்து, மா கட்டிபடாமல் கை ஓயத் துழாவ வேண்டும். இறக்கி வைத்ததும் "மிளகு காணாது" என்று ஒரு தீர்ப்பு வரும். நாங்கள் சொல்லி எடுக்கும் கூழையும் ஒரு பெண்தான் காய்ச்சுகிறாள். ஆனால் அவளுக்கு அதற்குக் காசு கிடைக்கிறது.

நல்லூரான்:
தங்கச்சி, காசு கொடுத்தால் கூழ் வரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2022 தைப்பொங்கலை நினைத்துப் பாருங்கள். எரிவாயுவுக்குத் தட்டுப்பாடு, கிடைத்த சிலிண்டரும் வெடித்துவிடுமோ என்ற பயம். நாங்கள் மொட்டைமாடியில் மூன்று கல் வைத்து விறகில் பொங்கினோம். புகையில் கண் எரிந்தாலும், கீழ்மாடிச் சிங்களக் குடும்பமும் ஏறிவந்து பால் பொங்கி வழியும்வரை எங்களோடு நின்றது. கடையில் வாங்கியிருந்தால் அவர்கள் எதற்கு வந்திருக்கப்போகிறார்கள்?

கொட்டாஞ்சேனை மருமகள்:
ஐயா, நீங்கள் சொன்ன உதாரணம் என் பக்கத்துக்குத்தான் வலுச்சேர்க்கிறது. பொங்கல் முற்றத்தில் நடப்பது. அங்கே கோலம் போட ஒருவர், தேங்காய் உடைக்க ஒருவர், பானையில் முதற்பிடி அரிசி இடக் குடும்பத் தலைவர் என்று எல்லோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. கூழ் குசினிக்குள் காய்ச்சப்படுவது. அதற்குள் நுழையாமலே, அதிலிருந்து வெளியே வருவதை மட்டும் அன்பென்று ஏற்றுக்கொள்வதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

மலைநாட்டான்:
எங்கள் வீட்டில் ஆடிப்பிறப்புக்குக் கூழ் கிடையாது, எங்களுக்குத் தீபாவளிதான் பெரிது. தோட்டத்தில் தீபாவளி முற்பணம் கைக்கு வந்த பிறகுதான் மாவும் எண்ணெயும் வாங்க முடியும். பகலெல்லாம் கொழுந்து பறித்த அம்மா இரவில் முறுக்கு பிழிவார். அதை அன்பில்லை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் இன்று கொழும்பிலிருந்து நான் பலகாரப் பெட்டி வாங்கிக்கொண்டு போனால், அவர் அதை முதலில் அயல்வீட்டுக்காரிக்குத் திறந்து காட்டிவிட்டுத்தான் தான் தின்கிறார்.

வெள்ளவத்தைவாசி:
சகோதரரே, அது அம்மாவுக்கு மகன் செய்யும் மரியாதை, அதை நான் மறுக்கவில்லை. என் கவலை வேறு. பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திக் கூழ் குடித்த தலைமுறை நாங்கள். இங்கே பலாமரம் இல்லை, போகட்டும். எப்போது மாவைக் கரைத்து ஊற்றுவது, முதற்பாலை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்பதைக்கூட என் மகள் பார்த்திராவிட்டால், அவளிடம் எஞ்சப்போவது ஒரு தொலைபேசி எண் மட்டுமே.

கொட்டாஞ்சேனை மருமகள்:
மகள் மட்டுந்தானா, அண்ணா? மகனையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்துங்கள். நீங்களே திருவலையில் உட்காருங்கள், அடிப்பிடித்த பானையையும் தேய்த்துக் கவிழ்த்துவிடுங்கள். அப்படி ஓர் ஆண்டு நடக்கட்டும், அதன் பிறகு பேசலாம். இம்முறை நான் ஐந்து பேருக்குக் கூழ் சொல்லிவைத்தாயிற்று, முற்பணமும் கொடுத்துவிட்டேன்.