புதுப்பிப்பு: முழுதாக வளர்ந்தும் பொரிக்காத முட்டைகள்

இன்குபேட்டரில் வெப்பம் சரியாக இருந்தும், சில கோழிக்குஞ்சுகள் முழுதாக வளர்ந்தபிறகு ஓட்டுக்குள்ளேயே செத்துப்போவது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் ஈரப்பதத்தைச் சொன்னீர்கள். பாதி சரி, மீதி ஓட்டில் இருக்கிறது.

இந்த முறை அடைவைக்கும் முன் டார்ச் அடித்துப் பார்த்து, மயிரிழை விரிசல் உள்ளவற்றைக் குறித்துவைத்து, எடையும் போட்டுவந்தேன். 18-ஆம் நாளுக்குள் முட்டை எடையில் சுமார் 11 முதல் 14 சதவீதம் ஆவியாகிக் குறையவேண்டும். விரிசல் விட்டவை அதையும் தாண்டி வற்றின. உடைத்துப் பார்த்தால் சவ்வு காய்ந்து குஞ்சின்மேல் தோல்போல ஒட்டியிருந்தது. தடித்த ஓட்டில் நேர்மாறு: எடை சரியாக இறங்கவில்லை, முட்டைக்குள் இருக்கும் காற்றிடமான காற்றறை சின்னது, குஞ்சு நீர்கோத்து ஊதியிருந்தது.

ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாகத்தான் இந்த நீராவியும் மூச்சும் போய்வருகின்றன. குஞ்சு எலும்புக்கான கால்சியத்தையும் ஓட்டின் உட்புறத்திலிருந்தே உறிஞ்சுகிறது; அதனால் கடைசியில் ஓடு உடைக்கவும் எளிதாகிறது. என்ன ஒரு ஏற்பாடு!

முட்டையைக் கழுவலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். ஓட்டின்மேல் இயற்கையாக இருக்கும் மெல்லிய பூச்சு போனால் துளைவழியே கிருமி நுழையும்.

வயதான கோழிகளின் பெரிய, மெல்லிய ஓட்டு முட்டைகளை அடுத்த முறை தனியாக, ஈரப்பதம் கூட்டி வைக்கப்போகிறேன்.