சாண்ட்ஹில்ஸ் பைன் காடு: மரத்தில் வெள்ளைப் பெயிண்ட் பட்டை எதற்கு, பறவைகள் இருக்கும் இடத்தில் தீ எதற்கு?

சார்லட்வாசி:
போன ஞாயிறு தென் கரோலினாவில் மெக்பீ ஊர் பக்கம் இருக்கிற கரோலினா சாண்ட்ஹில்ஸ் வனவிலங்குப் புகலிடத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். ஒரு பக்கம் தரையெல்லாம் கரிந்து கிடக்கிறது, யாரோ வேண்டுமென்றே வைத்த தீ மாதிரிதான் தெரிந்தது. சில மரங்களில் மட்டும் வெள்ளைப் பெயிண்டில் பட்டை அடித்திருக்கிறார்கள். வெட்டப்போகிற மரம் என்கிறாள் மனைவி. அந்த மரங்களில் மேலிருந்து கீழ் வரை எச்சம் மாதிரி வெள்ளையாக வேறு வடிந்திருந்தது. அபூர்வமான மரங்கொத்தி இருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் போனோம், மத்தியானம் மூன்று மணி நேரம் சுற்றியும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தீயில் கூடு எரிந்துவிடாதா?

பொந்துக்காரன்:
வெட்டுவதற்கு இல்லைங்க, வெட்டக்கூடாது என்பதற்குத்தான் அந்தப் பட்டை. நீங்கள் தேடிப் போன ரெட் காக்கேடட் மரங்கொத்தியின் பொந்து இருக்கிற மரம் அது. மற்ற மரங்கொத்திகள் பெரும்பாலும் பட்டமரத்தைத் தேடிப் போகும், இது மட்டும் உயிருள்ள பைன் மரத்தில்தான் குடையும், அதுவும் எண்பது, நூறு வயது மரமாகப் பார்த்து. வயதான மரத்தின் வைரத்தில், அதாவது நடுக்கட்டையில், ஒரு பூஞ்சை பிடித்து உள்ளே இளகியிருக்கும், அப்போதுதான் இதன் அலகுக்கு வேலை நடக்கும். அப்படியும் ஒரு பொந்து முடிய வருஷக்கணக்கில் ஆகும். நீங்கள் பார்த்தது எச்சமும் இல்லை, பிசின். பொந்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் குழியாகக் கொத்திவிட்டுக்கொண்டே இருக்கும், பிசின் வடிந்து மரம் உருகின மெழுகுவர்த்தி மாதிரி ஆகிவிடும். மரமேறி வருகிற எலிப்பாம்பு அந்தப் பிசினில் பட்டால் மேலே ஏற முடியாது.

தீ விஷயம்: நீங்கள் பார்த்த லாங்லீஃப் (நீள ஊசியிலை) பைன் காடே தீயில் வளர்ந்த காடு. கன்று முதல் சில வருஷம் புல் குத்து மாதிரியே உட்கார்ந்திருக்கும், தீ மேலே ஓடினாலும் குருத்து தப்பித்துக்கொள்ளும். சில வருஷம் தீ படாமல் விட்டால் ஓக் மாதிரி மரங்கள் நடுவில் கிளம்பி, பொந்து உயரத்துக்கு வந்ததும் இந்தப் பறவை இடத்தைக் காலி பண்ணிவிடும். அதனால்தான் வேண்டுமென்றே தீ வைக்கிறார்கள். தீ தரையோடு ஓடுகிறது, பொந்து பெரும்பாலும் இருபது அடிக்கு மேலே. பிசின் சட்டென்று பற்றிக்கொள்ளும் என்பதால் தீ வைக்கும் முன் பொந்து மரத்தின் அடியில் சருகை வாரி விடுவார்கள்.

மலைக்காற்று:
எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. கொடைக்கானலில் பைன் என்றாலே வெளியிலிருந்து கொண்டுவந்து புல்வெளியில் நட்ட மரம், அதை எடுத்தால்தான் சோலையும் புல்லும் மீளும் என்று பேசுகிறோம். இங்கே பைனைக் காப்பாற்றத் தீ வைக்கிறார்கள்!

பொந்துக்காரன்:
ஆமாம், அங்கே அது வந்தேறி, இங்கே சொந்த மண். ஒரு காலத்தில் அமெரிக்காவின் தென்கிழக்கில் சுமார் 9 கோடி ஏக்கர் இருந்த காடு, மரத்துக்கும் பிசினுக்கும் விவசாயத்துக்கும் போய் 30 லட்சம் ஏக்கர் அளவுக்குச் சுருங்கியது. 1989-ல் ஹியூகோ புயல் வந்து தென் கரோலினாக் கடற்கரைப் பக்கம் உள்ள ஃபிரான்சிஸ் மரியன் காட்டில் பொந்து மரங்களில் பெரும்பகுதியைச் சாய்த்துவிட்டது. புதுப் பொந்து குடையப் பறவைக்கு நேரம் ஏது? ரம்பத்தால் மரத்தில் குழி வெட்டி மரப்பெட்டியைச் சொருகினார்கள், பறவையும் குடிவந்துவிட்டது. 1970-ல் அழியும் இனமாகப் பட்டியலில் சேர்த்தார்கள், 2024-ல்தான் ஆபத்து நிலையை ஒரு படி குறைத்தார்கள். இன்னும் பட்டியலில்தான் இருக்கிறது.

இழுப்புக்காரர் வீடு:
எல்லாம் சரி, புகையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. என் பையனுக்கு ஆஸ்துமா. பக்கத்துக் காட்டில் தீ வைக்கிற நாளில் ஜன்னலைத் திறக்க முடியாது, போன வருஷம் ஒருநாள் முன்னறிவிப்பே வரவில்லை. பறவை வேண்டாம் என்று சொல்லவில்லை, முந்தின நாள் ஒரு போன் அடித்தால் நாங்கள் கிளம்பி எங்காவது போய்விடுவோம், அவ்வளவுதான்.

பொந்துக்காரன்:
நியாயமான கேள்வி. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் நாள் குறிப்பார்கள், ஆனாலும் காற்று திரும்பினால் ஊருக்குள் புகை வரத்தான் செய்கிறது. தீ வைக்கும் அலுவலகத்தில் உங்கள் வீட்டு எண்ணைப் பதிந்து வைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

சார்லட்வாசி, மத்தியானம் போனால் எப்படிக் கிடைக்கும்? விடிந்ததும் பொந்தை விட்டுக் கிளம்பிக் குடும்பமாகவே இரை தேடப் போய்விடும், பொழுது சாயும்போதுதான் திரும்பும். முந்தின வருஷக் குஞ்சுகளில் சில ஆண்கள் அங்கேயே தங்கி அடுத்த ஈட்டுக் குஞ்சுக்கு இரை ஊட்டும். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் பட்டை போட்ட மரத்துக்குத் தள்ளி நின்று பாருங்கள். சிவப்பைத் தேடாதீர்கள், ஆணுக்கு மட்டும் கன்னத்துக்கு மேலே துளியூண்டு, அதுவும் பாதி நேரம் தெரியாது. கன்னம் பளிச்சென்று வெள்ளை, அதுதான் அடையாளம்.

சார்லட்வாசி:
நன்றிங்க. எச்சம் என்று நினைத்து, அந்த மரத்துப் பக்கம் போகாதே என்று மகனைத் திட்டியிருந்தேன். இப்போது இதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். அடுத்த சனிக்கிழமை நாலரை மணிக்கு என்னை எழுப்புவது அவன் பொறுப்பாம்.