மறு: மூடுபனியிலிருந்து மரம் இறக்கும் தண்ணீர்: சொல் வேண்டும்

வணக்கம். மூடுபனி மரத்தில் பட்டுத் தண்ணீராக இறங்குவதற்கு ஒரு தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். வந்த யோசனைகளுக்குப் பதில் இது.

> 'மூடுபனிச் சொட்டு' என்றே வைத்துவிடலாமே. எளிமையாக இருக்கிறது.

எளிமைதான் ஐயா. ஆனால் எங்கள் நீலகிரி மஞ்சூர்ப் பக்கம் 'பனி' என்றாலே பிள்ளைகளுக்கு உறைபனிதான் நினைவுக்கு வரும். டிசம்பர், ஜனவரியில் புல்லை வெளுத்து, தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிட்டுப் போகுமே, அது. 'சொட்டு' என்றால் சொட்டுநீர்க் குழாய். இரண்டையும் ஒட்டினால் விஷயம் வேறெங்கோ போய்விடுகிறது.

முதல் மடலில் நான் சரியாக விளக்கவில்லை போல. ஏழாம் வகுப்புக்கு நீர்ச் சுழற்சி பற்றிப் பயிற்சித்தாள் எழுதுகிறேன். ஆவியாதல், பொழிவு, ஊடுருவல், வழிந்தோடல் எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது. சோலைக்குள், அதாவது எங்கள் மலைக்காட்டுக்குள், நடப்பதற்குத்தான் இல்லை. மழை பெய்யாத ஒரு மூடுபனி நாளில் இரண்டு ஐஸ்கிரீம் டப்பாக்களை வைத்துப் பார்த்தோம், ஒன்று வெட்டவெளியில், ஒன்று சோலை ஓரம் பாசி படர்ந்த மரத்தடியில். மதியம் போய்ப் பார்த்தால் வெளியில் இருந்ததன் விளிம்பு மட்டும் ஈரம். மரத்தடி டப்பாவில் அடி மறையத் தண்ணீர், மேலே ஒரு பழுப்பு இலை மிதக்கிறது. மூடுபனித் துளிகள் மிகச் சிறியவை, தாமாகக் கீழே விழாமல் காற்றோடு போய்க்கொண்டே இருக்கும். இலையிலும் பாசியிலும் மோதி, ஒன்றோடொன்று சேர்ந்து கனத்த பிறகுதான் இறங்கும். மரம் இல்லையென்றால் அந்தத் தண்ணீர் மண்ணுக்கு வராது.

மழைமானியோ வெட்டவெளியில் நிற்பது. இதே நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8 அன்று ஒரே நாளில் 820 மி.மீ. பதிவானது ஊருக்கெல்லாம் தெரியும். சோலைக்குள் சத்தமில்லாமல் இறங்குவது எந்தக் கணக்கிலும் ஏறாது. அதனால்தான் நண்பர் ஒருவர் 'மறைபொழிவு' என்றார். பல்கலைக்கழகத்துக்குச் சரி. என் வகுப்பில் "எங்கே சார் மறைஞ்சுது?" என்று கேட்பார்கள்.

> மரமழை?

அழகான சொல், எனக்கும் ஆசை வந்தது. ஆனால் கூடலூர்ப் பக்கம் மலையாளம் புழங்கும் வீடுகளில், மழை நின்ற பிறகும் மரம் பெய்யும் என்பார்கள். அது இலையில் தங்கிய மழைநீர். நமக்கு வேண்டியது மழையே இல்லாமல் வருவது. அதோடு சிலி நாட்டின் வறண்ட வடபகுதியில் சுங்குங்கோ கிராமத்துக்கு மலைமேல் வலை கட்டி மூடுபனியிலிருந்து குடிநீர் எடுத்தார்கள். அங்கே மரத்துக்கு எங்கே போவது?

என் யோசனை: மஞ்சு வடித்தல்.

பழந்தமிழில் மஞ்சு என்றால் மேகம். கன்னடத்திலும் மலையாளத்திலும் மூடுபனிக்கு இந்தச் சொல்தான், எனவே எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு விளக்கவே வேண்டாம். (மஞ்சூர் என்ற பெயர் இதிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. தயவுசெய்து அந்தச் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.) 'வடித்தல்' அடுப்படிச் சொல். சோற்றிலிருந்து கஞ்சியை வடிக்கிறோம். சோலை காற்றிலிருந்து நீரை வடிக்கிறது, வலையும் அதையேதான் செய்கிறது. நிகழ்வு மஞ்சு வடித்தல், கிடைப்பது மஞ்சு வடிநீர். ஒரே வேரிலிருந்து இரண்டும் கிடைத்துவிடுகின்றன.

'வடிநீர்' என்றால் சாக்கடை நினைவு வரும் என்று குழுவில் ஓர் அக்கா எழுதியிருந்தார். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. ஆனால் 'ஆற்று வடிநிலம்' என்று புவியியலில் படிக்கும்போது யாருக்கும் சாக்கடை நினைவு வருவதில்லையே.

அப்புறம், மழை விட்ட பின் இலையிலிருந்து விழும் நீருக்கும் ஒரு சொல் தேவைப்படும். 'இலைவடி' என்று குறித்து வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. தாள் அடுத்த வாரம் நகலெடுக்கப் போகிறது, அதற்குள் யாராவது நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.