நவம்பரில் நாவல் எழுதியவர்கள்: இன்னும் மனத்தை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

ஜெராக்ஸ் கடைக்காரன், நித்திரவிளை

நவம்பர் ஒரே மாதத்தில் 50,000 சொல்லில் ஒரு நாவல் எழுதும் சவால் இது. அக்டோபர் கடைசி ஆனால் "இந்த வருடமாவது எழுதுகிறீர்களா?" என்று நண்பர்கள் கேட்டுவிடுகிறார்கள். இல்லை என்று மட்டும் சொல்வேன். காரணத்தை இங்கே எழுதிவிடுகிறேன்.

2017. நவம்பர் 29 இரவு 46,200 சொல் ஆகியிருந்தது. மிச்சம் ஒரே நாள். அன்று முடித்த அத்தியாயத்தில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. அவன் மனைவி மணலை வாரித் தலையில் போட்டுக்கொண்டு அழுகிறாள். நன்றாக அமைந்துவிட்டது என்ற நிறைவோடு படுத்தேன். விடிந்தால் ஒக்கிப் புயல்.

மற்றதை நம் குமரி மாவட்டத்தாருக்குச் சொல்ல வேண்டாம். மின்சாரம் இல்லை, கடையில் இயந்திரம் ஓடாது. ஆனாலும் கதவைத் திறந்து வைத்திருந்தேன். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கமிருந்து ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். அவர்கள் வீட்டு ஆண்கள் எச்சரிக்கை வருவதற்கு எத்தனையோ நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போனவர்கள். ரேஷன் அட்டைக்கு நகல் வேண்டும், போட்டோவுக்கு நகல் வேண்டும் என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு வறண்டுபோனது.

மூன்றாம் நாள் ஒரு பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும். "நகல் வேண்டாம் மக்களே, ஒரு மனு எழுதித் தருவாயா?" என்றார். ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். கணவர் பெயர், படகின் பெயர், பதிவு எண், புறப்பட்ட நாள், கூடப் போனவர்கள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். பதிவு எண்ணை நான் எழுதி முடித்ததும் தாளைத் தன் பக்கம் திருப்பி ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துச் சரிபார்த்தார். என் பேனா மூடி கீழே உருண்டு போயிருந்தது. குனிந்து தேடி எடுத்து, முந்தானையில் துடைத்து, என் கையில் கொடுத்தார். அழவில்லை.

அந்த மூடியை வாங்கிக்கொண்ட நொடி இன்றும் என் கையில் இருக்கிறது. நான் எழுதிய அத்தியாயத்தில் ஒரு வரிகூட உண்மையில்லை என்று அப்போது தெரிந்தது. அதன்பின் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை.

தோவாளை மருமகள்

அண்ணா, படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. என்னுடையது இவ்வளவு பெரிதில்லை. ஆனால் இருவர் பிழையும் ஒன்றேதான்.

எங்கள் வீட்டில் விடியும் முன்பே பூச்சந்தைக்கு ஆள் போய்விடும். அந்த நேரத்தில்தான் போனில் எழுதுவேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டுவார். என் கதாநாயகியும் பூக்கட்டுகிறவள். தினமும் "இன்று அவள் என்ன செய்தாள்?" என்று கேட்பார், நான் வாசித்துக் காட்டுவேன். பன்னிரண்டாம் நாள் ஒரு திருமணக் காட்சி. அவள் ராத்திரி முழுக்க மாணிக்கமாலை கோர்க்கிறாள் என்று வாசித்தேன். அத்தையின் கை நின்றது.

"கோர்க்கிறாளா? மாணிக்கமாலையை யாராவது கோர்ப்பார்களா? அரளியை மடித்து மடித்து, நொச்சி இலையை இடையில் வைத்துக் கட்டவேண்டும். பாய் மாதிரிப் பரந்து வரும். உன் பெண்ணுக்கு வேலை தெரியாது" என்றார்.

இருபத்தைந்து வருடமாக அவர் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். அன்று முதல் ஒன்பது நாள் புதிதாக ஒரு சொல் எழுதவில்லை. முதல் பக்கத்திலிருந்து அவள் கைவேலை வரும் இடத்தையெல்லாம் திருத்தினேன். "முதல் வரைவில் திரும்பிப் பார்க்காதே" என்பதுதான் இந்த மாதத்தின் விதி, தெரியும். மீறினேன். சரியா தவறா என்று இன்றும் முடிவுக்கு வர முடியவில்லை. 35,000 சொல்லில் மாதம் முடிந்தது. தமிழுக்கு அது 50,000க்குச் சமம் என்றுதான் நினைக்கிறேன். "வந்துகொண்டிருந்தாள்" நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் மூன்று.

பிழைதிருத்துநர் (ஓய்வு), நாகர்கோவில்

சகோதரிக்கு மறுப்பு. 35,000 என்றால் 35,000தான். தமிழ்ச் சொல் நீளம் என்பது உண்மை. நாற்பது ஆண்டு அச்சுப்படி பார்த்தவன், மறுக்கமாட்டேன். அப்படியானால் தொடங்கும் முன்பே 35,000 என்று இலக்கு வைக்கவேண்டும். முடிந்தபின் சமன்பாடு போடக்கூடாது. ஒரு மாதம் என்ற கட்டாயம் இருப்பதே நம்மை நாமே சமாதானப்படுத்த விடாமல் செய்வதற்குத்தான்.

இது எப்படித் தொடங்கியது என்று தெரிந்தவர்கள் குறைவு. 1999 ஜூலையில் சான்பிரான்சிஸ்கோ பக்கத்தில் 21 பேர் கூடிச் செய்தது. அடுத்த ஆண்டு நவம்பருக்கு மாற்றினார்கள். வெளியே போக மனம் வராத மோசமான வானிலை, உட்கார்ந்து எழுதலாம் என்பதற்காக. பிறகு உலகெங்கும் பரவியது. அதை நடத்திய அமைப்பு 2025 மார்ச்சில் மூடுவதாக அறிவித்துவிட்டது. அமைப்பு போனால் போகட்டும், நவம்பர் நம்மிடம் இருக்கிறது. நமக்கும் அது மழை மாதம்தான்.

இனி எழுதப்போகிறவர்களுக்கு, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஒரு நாளைக்கு 1,667 சொல் என்று எல்லோரும் வகுத்து வைத்துக்கொள்கிறார்கள். நம் மாவட்டத்தில் அந்தக் கணக்கு உதவாது. நவம்பர் 1 நமக்கு உள்ளூர் விடுமுறை, 1956இல் தமிழ்நாட்டோடு இணைந்த நாள். அன்று 4,000 எழுதுங்கள். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா மாதக் கடைசியில் கொடியேறி டிசம்பர் 3 வரை போகும். உறவினர் வருவார்கள், உட்கார முடியாது. ஆகவே இருபதாம் தேதிக்குள் நாற்பதாயிரத்தைத் தாண்டிவிடுங்கள். தெரியாத விவரம் வந்தால் அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டு மேலே போங்கள், சகோதரி செய்ததுபோல் ஒன்பது நாளை இழக்காதீர்கள். பெயர் கிடைக்காவிட்டால் "அ", "ஆ" என்று எழுதுங்கள். அன்றன்று எழுதியதை வேறோர் இடத்திலும் சேமியுங்கள். அத்தியாயத்தின் முடிவில் நிறுத்தாதீர்கள். பாதி வாக்கியத்தில் எழுந்தால் மறுநாள் உட்கார்ந்தவுடன் கை ஓடும். விரல் வலித்தால் வாயால் சொல்லுங்கள், இப்போது போன் கேட்டு எழுதுகிறது. ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி 1866 அக்டோபரில் ஒரு முழு நாவலை 26 நாளில் சொல்லியே முடித்தார்.

என் அனுபவம் என்றால் ஒன்றுதான். 2012இல் 50,000 சொல்லை முடித்து என் மனைவியிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தார். "ஒரு பிழைகூட இல்லை" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நித்திரவிளைத் தம்பிக்கு: ஓர் அத்தியாயம் பொய்யாகிவிட்டது என்பதற்காக 46,200 சொல்லைப் பூட்டி வைப்பது சரியில்லை. அந்த ஓர் அத்தியாயத்தை எடுத்துவிட்டு இந்தப் பெண்மணியை வையுங்கள்.

பால்வெட்டு, குலசேகரம்

நவம்பர் மழை எழுத வசதி என்று ஐயா எழுதியிருக்கிறார். அந்த வரியில்தான் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

மழை பெய்தால் எங்களுக்கு ரப்பர் பால்வெட்டு இல்லை. பட்டை நனைந்தால் பால் வெட்டிய கோட்டில் நிற்காமல் மரத்தோடு வழிந்து வீணாகும். வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. முன்னூறு மரம் எனக்கு. விடியற்காலை மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினால், சிரட்டையில் பால் எடுத்து, உறை ஊற்றி, ஷீட் அடித்து முடிக்க மதியம் ஆகும். அப்புறம் கண் நிற்காது. ஆகவே மழை பெய்த நாளில் மட்டும்தான் எழுத முடிந்தது. அந்த நவம்பரில் முதல் பத்து நாள் வானம் வெளுத்துக் கிடந்தது. 3,000 சொல்கூட ஆகவில்லை.

பதினோராம் நாள் இரண்டு மணிக்கு எழுந்து திண்ணையில் நின்றேன். மலைப்பக்கம் மின்னியது. "பெய், இன்று ஒரு நாள் பெய்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பின்னால் மனைவி நின்றிருந்தாள், கட்டன்சாயா டம்ளரோடு. அவளுக்கு அந்த வாரம் சுயஉதவிக் குழுவில் தவணை கட்டவேண்டும்; எனக்குத் தெரியும். அவள் டம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மழை பெய்தது. நான்கு நாள் தொடர்ந்து பெய்தது. 11,000 சொல் எழுதினேன், என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே சிறந்தது அதுதான். அவள் தவணைக்கு யாரிடம் வாங்கினாள் என்று நான் இதுவரை கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

தோவாளை அக்கா செய்தது சரி என்பதே என் கருத்து. கைவேலை தெரியாதவள் என்று அத்தை சொன்ன பிறகு அந்தப் பெண்ணோடு மேலே எப்படி நடப்பது? ஐயா சொல்லும் நட்சத்திரக் குறி ஊர்ப் பெயருக்கும் ஆண்டுக்கும் சரிவரும். ஓர் ஆளின் கைக்குச் சரிவராது. கோடு எத்தனை சரிவில் விழவேண்டும், கத்தி எவ்வளவு ஆழம் போகலாம் என்று தெரியாதவன் மரத்தைக் காயப்படுத்துவான். அவன் நடக்கிற நடையே வேறு.

மார்த்தாண்டம் மாணவி

நான் திரும்பிப் பார்க்காமல் எழுதியவள். அதனால்தான் நல்லது நடந்தது.

பதினாறு நாள் புத்தகத் தமிழில் எழுதினேன். என் கதையில் பாட்டி தேநீர் அருந்தினார், மரவள்ளிக்கிழங்கு வேகவைத்தார், தண்ணீர் கேட்டார். பதினேழாம் நாள் இரவு, மறுநாள் தேர்வு, இன்னும் 1,200 சொல் பாக்கி. யோசிக்க நேரமில்லை. விரல் போன போக்கில் விட்டேன். பாட்டி சாயா குடித்தார். மரச்சீனி அவித்தார். "ஒரு கிளாஸ் வெள்ளம் கொண்டு வா பிள்ளே" என்றார். அந்த வரியை அடித்த உடனே எனக்கு உடம்பு சிலிர்த்தது. இறந்து ஆறு வருடமான என் பாட்டி அறைக்குள் கேட்டதுபோல இருந்தது. விடியும்வரை எழுதினேன், தேர்வைப் பற்றிய நினைப்பே இல்லை.

டிசம்பரில் மதுரைத் தோழிக்கு அனுப்பினேன். "கிளாசில் எப்படி வெள்ளம் வரும்? மழைக்காலமா?" என்று கேட்டாள். அடிக்குறிப்பு போடச் சொன்னாள். போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் விளவங்கோட்டில் அது குடிக்கிற தண்ணீர். நாலு பக்கம் படித்தால் யாருக்கும் புரிந்துவிடும். பாட்டி பேசும்போது நடுவில் புகுந்து அர்த்தம் சொல்ல எனக்கு மனமில்லை.

தோவாளை மருமகள்

அடிக்குறிப்பு போடாதே தங்கச்சி. உறுதியாக நில்.

பிழைதிருத்துநர் ஐயா, எண்ணிக்கையில் நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். 35,000தான். ஆனால் அந்த 26 நாள் கணக்கை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தஸ்தயேவ்ஸ்கி சொன்னார், சரி. பகலில் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டு, இரவில் தன் வீட்டில் உட்கார்ந்து முழுவதையும் திருத்தமாக எழுதி, மறுநாள் கொண்டுவந்தவர் ஓர் இளம்பெண். அவர் உழைத்த இரவுகளையும் சேர்த்தால்தான் 26 நாள். குலசேகரம் தம்பியின் மனைவி அந்தத் தவணையை எங்கேயோ புரட்டிக் கட்டியிருக்கிறாள் அல்லவா, அதுவும் 11,000 சொல்லில் உண்டு. தம்பி, அவளிடம் கேளுங்கள். இன்றே கேளுங்கள். என் அத்தை பூக்கட்டும் கையை நிறுத்தி எனக்குச் சொன்னாரே, அவர் பெயரை நான் முதல் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

ஐயாவிடம் ஒரு கேள்வி. உங்கள் மனைவி வேறெதுவும் சொல்லவில்லை என்றீர்கள். அவர் இப்போது இருக்கிறாரா?

பிழைதிருத்துநர் (ஓய்வு), நாகர்கோவில்

இருக்கிறாள். நேற்றிரவு கேட்டேன். பதின்மூன்று ஆண்டு முன்பு படித்ததை அத்தியாயம் அத்தியாயமாக நினைவு வைத்திருக்கிறாள். ஏழாம் அத்தியாயத்தில் அந்தத் தம்பி வீட்டைவிட்டுப் போகும்போது யாருமே வாசல்வரை வரவில்லையே, ஏன் என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இன்று காலை அந்த அத்தியாயத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்த இளம்பெண்ணைப் பற்றிச் சகோதரி சொன்னது சரி. நான் விட்டுவிட்டேன்.

நித்திரவிளைத் தம்பி, உங்களிடம் ஒன்று. அந்த மனுவின் நகல் இருக்கிறதா? அதை அப்படியே, ஒரு சொல் மாற்றாமல், நாவலில் வைக்கலாம் என்று தோன்றுகிறது.

ஜெராக்ஸ் கடைக்காரன், நித்திரவிளை

இல்லை ஐயா. மின்சாரம் வர இன்னும் பல நாள் இருந்தது. ஒரே தாளில்தான் எழுதினேன். அவர் அதை நான்காக மடித்து, பைபிளுக்குள் வைத்துக்கொண்டு, மழையில் இறங்கிப் போனார்.

பதிவு எண் மட்டும் எனக்கு மனப்பாடம்.