தேடுதுணையா, வழித்துணையா?

அனைவருக்கும் வணக்கம்.

ஆவணப் பெட்டிகளுக்கு வழிகாட்டும் 'ஃபைண்டிங் எய்ட்' என்ற தாளுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று வாரமாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். இன்று வாயைத் திறக்கக் காரணம், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் மண்டபத்துப் பின்னறையில் கிடக்கும் பதினொரு பெட்டிகள். ரப்பர்த் தோட்டம் வீடமைப்புக்குப் போனபோது பழைய ஆபீசைக் காலி செய்தவர்கள் பாதியைக் கொளுத்திவிட்டார்கள். மீதியை ஒரு லாரிக்காரர் மனசு கேட்காமல் ஏற்றி வந்து இங்கே இறக்கினார். செக்ரோல் எனும் தொழிலாளர் வேலைப் பதிவுப் புத்தகங்கள், தமிழ்ப்பள்ளி வருகைப் பதிவேடு, திருவிழாக் கணக்கு, கிராணி (தோட்டத்து எழுத்தர்) கைப்பட எழுதிய கடித நகல்கள் எல்லாம் அதில் இருக்கின்றன.

போன மாதம் ஓர் அம்மா வந்தார். கையில் சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குத் தருவது. "எங்கப்பா இந்தத் தோட்டத்துலதான் பால் வெட்டுனாரு, பேரு இதுல இருக்காய்யா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பெயர்ப்பட்டியல் போட்டிருந்தாலும் உதவியிருக்காது. அப்பா பெயர் ஒரு புத்தகத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் எழுதப்பட்டிருக்கும். எந்தப் பெட்டி, எந்தப் புத்தகம், எந்த வருஷம், எழுதியவர் யார், நடுவில் என்ன காணாமல் போயிருக்கிறது என்று சொல்லும் ஒரு தாள்தான் வேண்டியிருந்தது. ஆவணக் காப்பகத்தார் 'ஃபைண்டிங் எய்ட்' என்பது அதைத்தான். அதற்குத்தான் நாம் சொல் தேடுகிறோம்.

இந்த இழையில் வந்த சொற்களைப் பார்ப்போம். 'கண்டறி உதவி' பிழை இல்லாத சொல். ஆனால் ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தது போல இருக்கிறது. 'தேடுதுணை'யை முதலில் படித்தபோது எனக்கும் பிடித்தது, அழகான வினைத்தொகை. என் மனைவியிடம் சொன்னேன். "கல்யாணத் தரகர் விளம்பரமா?" என்றார். அதோடு அது என் கணக்கில் முடிந்துவிட்டது. 'அடைவு' நல்ல பழைய சொல்தான். ஆனால் சொல்லடைவு, பொருளடைவு என்று ஏற்கெனவே வேலை பார்க்கிறது. கணினிக்காரர்கள் கோப்புகள் இருக்கும் இடத்துக்கும் அதையே வைத்திருக்கிறார்கள். ஒரே ஆளுக்கு எத்தனை வேலை கொடுப்பது?

ஈப்போ அக்கா முன்வைத்த 'ஆவண ஆற்றுப்படை'யைத் தள்ளத்தான் எனக்கு மனசு வரவில்லை. பரிசு பெற்று வரும் பாணன் எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்கிறான். எந்தக் காடு, எந்த ஊர், அங்கே என்ன கிடைக்கும் என்று. பொருளைக் கையில் கொடுப்பதில்லை, இடத்தைக் காட்டுகிறான். பொருத்தம் அருமை. ஆனால் இரண்டு தடை. இலங்கையில் மனநல ஆலோசகரை ஆற்றுப்படுத்துநர் என்கிறார்கள். அதைவிடப் பெரிய தடை, ஆற்றுப்படை வள்ளலைப் புகழ்வதற்கென்றே எழுந்தது. வள்ளலிடம் இது இல்லை என்ற பேச்சே அதில் கிடையாது. நம் தாளோ "1942 முதல் 1945 வரை செக்ரோல் கிடையாது, ஆறாம் பெட்டியில் கரையான்" என்று ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும்.

என் முன்மொழிவு 'வழித்துணை'. முழுப்பெயர் வேண்டிய இடத்தில் 'ஆவண வழித்துணை'. இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்பிய காலத்தில் எங்கள் அம்மா பக்கத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) அத்தையை வழித்துணைக்குக் கூப்பிடுவார். போக வேண்டியது அம்மாதான், பால் வெட்டுவதும் அம்மாதான். அத்தை கூட வருவார், பள்ளம் இருந்தால் சொல்வார். இந்தத் தாளின் வேலையும் அவ்வளவுதான். கண்டுபிடிப்பவர், வந்து கேட்கிறவர்தான்.

'சுற்றுலாக்காரர் சொல் மாதிரி இருக்கிறது' என்பார்கள். இருக்கட்டும். சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி தந்ததாகச் சொல்லப்படும் 'இணையம்' என்ற சொல்லும் ஆங்கிலத்தைத் துண்டு துண்டாகப் பெயர்க்கவில்லை. இணைவது என்ற ஒரே கருத்தைப் பிடித்துக்கொண்டது, நிலைத்தது.

சரி, 'என்கோடட்' விஷயத்துக்கு வருகிறேன். 1993இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேனியல் பிட்டி தலைமையில் தொடங்கி, 1998இல் முதல் பதிப்பாகவும் 2002, 2015இல் திருத்தங்களாகவும் வந்த ஈஏடி ('என்கோடட் ஆர்க்கைவல் டிஸ்கிரிப்ஷன்', இந்தத் தாளைக் கணினிக்குப் புரியும்படி எழுதும்) முறையை இங்கே சிலர் 'குறியேற்றம்' என்று எழுதுகிறீர்கள். அது வேண்டாம். டிஸ்கி, யூனிகோடு என்ற கணினி எழுத்து முறைகளின் காலத்திலிருந்து குறியேற்றம் என்றால் எழுத்துக்கு எண் கொடுப்பது. மறையாக்கம் என்றால் பூட்டிவைப்பது. இங்கே நடப்பது வேறு. செக்ரோலில் பெயருக்கு நேரே, தேதிக்குக் கீழே கிராணி ஒரு குறி போடுவார். அந்தக் குறி இல்லாவிட்டால் ஆள் வேலைக்கு வந்தாரா என்று யாருக்கும் தெரியாது. அதுபோல, இது தலைப்பு, இது காலம், இது எழுதியவர் வரலாறு என்று ஒவ்வொரு பகுதிக்கும் குறி போட்டால்தான் கணினிக்கு வித்தியாசம் தெரியும். ஆகவே 'குறியிடல்'. எக்ஸ்எம்எல் போன்றவை 'குறியிடுமொழி'. ஈஏடிக்கு 'குறியிட்ட ஆவண விவரிப்பு'.

அந்தக் குறிகளையே தமிழாக்கலாம் என்று தம்பி ஒருவர் எழுதியிருந்தார். ஆர்வம் புரிகிறது. ஆனால் யூனிட்டைட்டில் (தலைப்புக்கான குறி), யூனிட்டேட் (காலத்துக்கான குறி) என்ற பெயர்களை மாற்றினால் சரிபார்க்கும் நிரல் கோப்பையே ஏற்காது. குறி அப்படியே இருக்கட்டும். உள்ளே வருவதும் திரையில் தெரியும் தலைப்பும் தமிழாக இருக்கட்டும்.

யூனிட்டேட் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் திருவிழாக் கணக்கில் 'சர்வதாரி வருஷம் ஆனி மாதம்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை சர்வதாரி வரும். 1888, 1948, 2008 எல்லாமே சர்வதாரிதான். நம் ஊர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை, 1948 ஆனி என்றால் பக்கத்துத் தோட்டங்களில் ஜூன் 16இல் வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டு மலாயாவில் அவசரகாலம் தொடங்கிய அதே மாதம். கணினிக்கு அது தெரியாது. அந்தக் குறிக்குள் பக்கத்தில் உள்ளபடியே சர்வதாரி என்று எழுதலாம். கூடவே பொதுவடிவக் காலமாக 1948-06 முதல் 1948-07 வரை என்று தரலாம். இரண்டும் நிற்கும். ஈஏடியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அப்புறம் 'ஃபான்ட்ஸ்' என்ற பிரெஞ்சுச் சொல். ஒரே மூலத்திலிருந்து பிறந்த தாள்களைக் கலைக்காதே, பிறர் தாளோடு கலக்காதே என்ற விதி 1841இல் பிரான்சில் வந்தது. 'மூலத்தொகை' என்கிறேன். அதற்குள் படிப்படியாக வரிசை, கோப்பு, உருப்படி என்று பிரியும். மூலத்தொகை லேசான சொல்தான், பிரிப்பதுதான் கஷ்டம். எங்கள் நான்காம் பெட்டியில் செக்ரோலும் கோயில் கணக்கும் ஒரே கையெழுத்து. பகலில் தோட்டத்துக் கிராணி, சாயங்காலம் கோயில் பொருளாளர். முதலில் ஒரே தொகை என்று நினைத்தேன். யோசித்தால், செக்ரோலை எழுத வைத்தது தோட்டம், கணக்கை எழுத வைத்தது கோயில். ஆகவே கை ஒன்று, மூலம் இரண்டு. மாற்றுக்கருத்து இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், இன்னும் பிரிக்கவில்லை.

வரும் ஞாயிறு மூன்றாம் பெட்டியைத் திறக்கிறோம். மேலே ஒட்டும் தாளில் 'வழித்துணை' என்று எழுதப்போகிறேன். மறுப்பவர்கள் சனிக்கிழமை இரவுக்குள் எழுதிவிடுங்கள். பசை காய்ந்தபின் கிழிக்க மாட்டேன்.