யோருபாவுக்குள் அரபு எவ்வளவு தூரம் போனது?

தெற்குவாசல்:
"யோருபாப் பண்பாட்டில் பாதி அரபுக் கல்வி தந்தது" என்று, தென்மேற்கு நைஜீரியாவின் யோருபா மக்களைப் பற்றி, பக்கத்து இழையில் ஒருவர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பாதியாவது, கால்வாசியாவது! இஃபா குறி பார்ப்பதும், ஒரிஷா என்ற தெய்வங்களின் வழிபாடும், இஃபே நகரத்து உலோகத் தலைகளும் எந்த மதரசாவில் பிறந்தன? பள்ளிக்கூடம், செய்தித்தாள், நாவல் எல்லாம் மிஷனரிகளும் ஆங்கிலமும் வந்த பிறகு முளைத்தவை. அரபு அங்கே தொழுகைக்கு உரிய மொழி, அவ்வளவுதான். வடக்கு ஓரத்து யோருபா நகரமான இலோரினில் சில ஆலிம்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், அரபியில் நூல் எழுதினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊரில் பெரும்பாலானவருக்குப் புரியாத மொழியில் எழுதியது அந்த ஊரின் பண்பாடாக எப்படி ஆகும்?

நூலகத்து எலி:
சார், அந்த மிஷனரிகளிடமிருந்தே தொடங்குவோம். யோருபா பைபிளின் முதன்மை மொழிபெயர்ப்பாளர் சாமுவேல் அஜாயி குரௌதர். அவருடைய ஊரை 1821இல் சூறையாடி, சிறுவனாக இருந்த அவரை அடிமையாகப் பிடித்துப்போன கூட்டத்தில் ஓயோ என்ற யோருபாப் பேரரசின் முஸ்லிம்களும், ஃபுலானி என்ற வடக்கத்திய முஸ்லிம் இனத்தாரும் இருந்தார்கள். அப்படிப்பட்டவர் உழைத்து உருவாக்கிய பைபிளில் ஜெபத்துக்கு என்ன சொல்? அதுரா. பிரசங்கத்துக்கு இவாசு. தீர்க்கதரிசிக்கு வோலி. மூன்றுக்கும் வேர் அரபு. ஆசாரியருக்கு அலுஃபா, மேற்கு ஆப்பிரிக்காவில் முஸ்லிம் அறிஞரை அழைக்கும் பெயர் அது. 20ஆம் நூற்றாண்டில் யோருபாக்காரர்களே தொடங்கிய பல கிறித்தவ சபைகளுக்குப் பொதுப்பெயரே அலாதுரா, அதாவது அதுராக்காரர், ஜெபிக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை அங்கியோடு தேவாலயத்துக்குப் போகிறவர் வாயிலும் அரபு இருக்கிறது, அது அரபு என்ற நினைப்பே இல்லாமல்.

தெற்குவாசல்:
கடன்சொல்லை வைத்துக் கல்வியை நிறுவ முடியாது. வெங்காயத்துக்கும் யோருபாவில் அலுபோசா என்கிறார்கள். அதுவும் அரபிதான், வடக்கே பேசும் ஹவுசா மொழி வழியாக வந்தது. வெங்காய மூட்டையோடு ஆலிம் வந்தார் என்பீர்களா?

நூலகத்து எலி:
வெங்காயம் சந்தையில் கிடைக்கும். பிரசங்கமும் தீர்க்கதரிசியும் சந்தையில் கிடைப்பதில்லையே! யாரோ உட்கார்ந்து யோருபாவில் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும், முஸ்லிம் அல்லாதவரும் அதைக் காதில் வாங்கியிருக்க வேண்டும். குரௌதர் பேனாவை எடுத்தபோது இந்தச் சொற்கள் ஊரில் புழங்கிக்கொண்டிருந்தன. அவர் புதிதாகச் செய்யவில்லை.

லாகோஸ்வாசி:
வேலை நிமித்தமாகச் சில காலம் லாகோஸில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ரமலான் மாதம் பள்ளிவாசலில் தஃப்சீர், அதாவது குர்ஆன் விளக்கம், நடக்கும். இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் அஜனாசி. குர்ஆன் வசனத்தை அரபியில் ஓதுவது அவர் வேலை. இன்னொருவர் முஃபாசிரு. அஜனாசி ஒரு துண்டு ஓதி நிறுத்தியதும் இவர் அதை யோருபாவில் பிரித்து விளக்குவார். நடுவில் யோருபாப் பழமொழி, உள்ளூர் அரசியல்வாதிக்கு ஒரு குத்து, கூட்டத்தில் சிரிப்பு. அப்புறம் மறுபடி அஜனாசி. அரபு தெரியாத மீன்காரம்மாவும் அங்கே பாடம் கேட்கிறார். 'பெரும்பாலானவருக்குப் புரியாத மொழி' என்று சார் சொன்னதற்கு இதுதான் பதில். படித்தவர் சிலர், கேட்டவர் பலர்.

பதவிப் பெயர்களும் அப்படியே. பாலோகுன் என்பது படைத்தளபதிக்கு யோருபாக்காரர் வைத்திருந்த பட்டம். பள்ளிவாசலில் அது பாலோகுன் அதினி. பெண்களுக்குத் தலைமை ஏற்கும் மூத்த பெண்மணி இயா அதினி, அதாவது மார்க்கத்தின் அம்மா. முதல் பாதி யோருபா, பின்பாதி அரபு.

கயல்:
எல்லாரும் பாடம், பிரசங்கம் என்று அழகாகப் பேசுகிறீர்கள். வாளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே? இலோரின் எப்படி எமிரேட் ஆனது? ஓயோ பேரரசின் படைத்தலைவன் அஃபோன்ஜா, மன்னனுக்கு எதிராகக் கிளம்பி, உதவிக்கு அலிமி என்ற ஃபுலானி அறிஞரை அழைத்துக்கொண்டான். சில ஆண்டுகளில் கூப்பிட்டவனே கொல்லப்பட்டான். அலிமியின் மகன் அப்துல்சலாமி எமிர் ஆனார், ஊர், வடக்கே ஃபுலானிகள் நிறுவிய சொகோட்டோ கிலாஃபத்தின் கீழ் போனது. இலோரினின் ஒரிக்கி, அதாவது ஊரைப் புகழ்ந்து பாடும் பாட்டு, இதை மறைக்கவே இல்லை: அந்த ஊருக்கு எகுங்குன் கிடையாது, குதிரையே அவர்களுக்கு எகுங்குன், ஈட்டியே அவர்களுக்கு ஓரோ. எகுங்குன் என்பது முன்னோர் ஆவி முகமூடி தரித்து வரும் சடங்கு. ஓரோவும் பழைய யோருபாச் சடங்குதான். அதைத் துடைத்துவிட்டு வந்த கல்வி இது.

பழங்கதை என்று தள்ள வேண்டாம். 2023இல் இலோரினில் பெண் பூசாரி ஒருவர் இசேசே, அதாவது யோருபாப் பழஞ்சமய, விழா நடத்தக் கூடாது என்று தடுத்தார்கள். நோபல் பரிசு பெற்ற யோருபா எழுத்தாளர் வோலே சோயிங்கா எமிருக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்.

நூலகத்து எலி:
கயல் அக்கா, இலோரினைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதில் மறுக்க எதுவும் இல்லை. 2023இல் நடந்தது எனக்கும் ஏற்புடையதல்ல. ஆனால் இலோரின் படை தெற்கே எவ்வளவு தூரம் போனது? 1840 வாக்கில் ஒசோக்போ என்ற ஊரில், தெற்கே இருந்த இன்னொரு யோருபா நகரமான இபாதானின் படை அதை முறியடித்தது. அதற்குப் பிறகு தெற்கே வர முடியவில்லை. இபாதானையோ, இஜெபுவையோ, லாகோஸையோ எந்த எமிரும் ஆண்டதில்லை. அங்கெல்லாம் இஸ்லாம் பரவியதும் குதிரை ஏறியா? இலோரினை அடித்து விரட்டிய அதே இபாதானில்தான் பின்னால் அரபுப் படிப்பு தழைத்தது. தோற்றவனிடம் போய்ப் பாடம் கேட்டிருக்கிறார்கள், என்ன செய்வது!

கயல்:
வாள் போகாத இடத்துக்கு அதன் பேர் போகும். வடக்கே ஒரு பெரிய கிலாஃபத் நிற்கிறது என்பதே அந்தப் படிப்புக்கு ஒரு மதிப்பைக் கொடுத்திருக்கும். இபாதான்காரர் வெறும் அறிவுத் தாகத்தால் பாயை விரித்து உட்கார்ந்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

தெற்குவாசல்:
சரி, எழுத்துக்கு வருவோம். அரபுக் கல்வி அவ்வளவு ஆழமாகப் போயிருந்தால் யோருபா இன்று ஏன் ரோமன் எழுத்தில் எழுதப்படுகிறது? ஹவுசாவுக்கு அஜமி, அதாவது அரபு எழுத்திலேயே தன் மொழியை எழுதும் முறை, உண்டு. யோருபாவுக்கு எங்கே?

நூலகத்து எலி:
உண்டு. 1895இல் இறந்த இலோரின் கவிஞர் பதமாசி அக்பாஜி அரபு எழுத்தில் யோருபாச் செய்யுள் எழுதியிருக்கிறார். ஆனால் அது பரவவில்லை என்பதும் உண்மை. வழக்கமாகச் சொல்லும் காரணம், யோருபாவுக்கு ஏழு உயிரொலிகள், அரபுக் குறிகள் மூன்று. kp, gb என்று உதட்டையும் தொண்டையையும் ஒன்றாக அடைத்துச் சொல்லும் ஒலிகளுக்கு அரபியில் எழுத்தில்லை. சொல்லின் பொருளையே மாற்றும் தொனி ஏற்ற இறக்கத்தைக் காட்ட வழியில்லை. எனக்கு இது பாதிக் காரணமாகத்தான் தெரிகிறது. ரோமனிலும்தான் எழுத்துக்கு அடியில் புள்ளி வைத்துச் சமாளித்தார்கள். தொனிக்குறி இல்லாமலே எத்தனையோ யோருபா அச்சாகிறது, படிப்பவர் படித்துக்கொள்கிறார். ஒலிக்கு ஏற்ப எழுத்தைத் திருத்த ஒரு கூட்டமும் அச்சகமும் வேண்டும். அபெயோகுட்டாவில் 1859இல் 'இவே இரோஹின்' என்ற யோருபாச் செய்தித்தாளைத் தொடங்கியவர் ஹென்றி டவுன்சென்ட் என்ற மிஷனரி. 1875இல் லாகோஸில் கூடி எழுத்துமுறையை முடிவு செய்தபோதும் மிஷன் கை ஓங்கியிருந்தது. அச்சு யாரிடமோ எழுத்து அவருடையது.

தெற்குவாசல்:
ஆக, தோற்றது என்று ஒத்துக்கொள்கிறீர்கள். முஸ்லிம்களுக்கே அது தெரிந்திருந்தது. 1923இல் லாகோஸில் அன்சார்-உத்-தீன் சங்கம் தொடங்கியவர்கள் யார்? முஸ்லிம்கள். எதற்கு? மிஷன் பள்ளிக்குப் போனால் பிள்ளை மதம் மாறிவிடும் என்று, ஆங்கிலக் கல்வி தரும் பள்ளிகளைத் தாங்களே நடத்துவதற்கு. அரபு போதும் என்று இருந்திருந்தால் அந்தச் சங்கத்துக்கு வேலையே இல்லை.

லாகோஸ்வாசி:
அந்தக் கதையின் மறுபக்கம் ஆதம் அப்துல்லாஹ் அல்-இலோரி (1917–1992). 1952இல் அபெயோகுட்டாவில் அரபுக் கல்வி மையம் தொடங்கி, 1955இல் லாகோஸ் அருகே அகேகேவுக்கு மாற்றினார். மர்கஸ் என்றாலே அங்கே இதுதான். பழைய இலே-கேவுவில், அதாவது குர்ஆன் பள்ளியில், பிள்ளைகள் மரப்பலகையில் எழுதி, கழுவி, மறுபடி எழுதி, உஸ்தாதின் வேகத்துக்குப் படித்தார்கள். இவர் வகுப்பு, பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் என்று ஆக்கினார். நைஜீரியாவில் இஸ்லாத்தின் வரலாற்றையும், அங்கே எழுந்த அரபு இலக்கியத்தையும் பற்றி அரபியிலேயே எழுதினார். படித்துப் போனவர்கள் ஊர் ஊராக மதரசா திறந்தார்கள்.

ஆனால் தெற்குவாசல் சார் சொல்ல வருவதிலும் வலு இருக்கிறது. நாட்டின் அலுவல் ஆங்கிலத்தில் நடக்கிறது. அரபுச் சான்றிதழ் மட்டும் வைத்திருக்கும் பையனுக்கு அரசு வேலைக் கதவு சுலபத்தில் திறக்காது. கெய்ரோ வரை போய்ப் படித்துத் திரும்பினாலும் பலருக்குக் கிடைப்பது இன்னொரு மதரசாவில் வாத்தியார் வேலைதான்.

கயல்:
பாட்டை விட்டுவிட்டீர்களே. ரமலானில் சஹருக்கு ஊரை எழுப்பப் பையன்கள் தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போவதற்கு வேரே என்று பெயர். அதில் வளர்ந்த சிக்கிரு அயிந்தே பாரிஸ்டர்தான் ஃபுஜி இசையை உருவாக்கினார். பெயர் ஜப்பான் மலையுடையது, விமான நிலையத்துச் சுவரொட்டியில் பார்த்து வைத்ததாம்! பெண்கள் பாடும் வாக்காவும் முஸ்லிம் சூழலில் வளர்ந்தது. பதிலே அலாகே, சலாவா அபேனி குரலைக் கேட்டுப் பாருங்கள். எமிர்களை எனக்குப் பிடிக்காது, ஆனால் இந்தப் பாட்டுக்காரிகளை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தெற்குவாசல்:
பாட்டு இருக்கட்டும். நான் கேட்டது படிப்பு. அறிஞர் குடும்பங்களுக்கு வெளியே, சாதாரண யோருபாக்காரர் அரபு எழுதினார் என்று காட்ட ஏதாவது இருக்கிறதா?

நூலகத்து எலி:
இருக்கிறது, ஆனால் நைஜீரியாவில் இல்லை. 1835 ஜனவரியில், ரமலான் முடியும் நேரத்தில், பிரேசிலின் சல்வடோர் நகரத்தில் ஆப்பிரிக்க அடிமைகள் கிளர்ந்தார்கள். மாலே (அங்கே முஸ்லிம்களுக்குப் பெயர்) கலகம் என்பார்கள். அதில் பெரும்பங்கு நாகோக்கள், அதாவது யோருபாக்காரர். போலீஸ் சோதனையில் அரபு எழுதிய தாள்கள் சிக்கின. பாஹியா மாநில ஆவணக் காப்பகத்தில் அவற்றில் பல இன்றும் இருக்கின்றன.

தெற்குவாசல்:
தாயத்துக்குள் மடித்து வைத்த தாள்கள். அதைப் படிப்பு என்று எப்படிச் சொல்வது?

நூலகத்து எலி:
தாயத்தும் உண்டு. கூடவே, எழுதப் பழகுகிறவர் வசனங்களைப் பார்த்து எழுதிய பயிற்சித் தாள்களும் உண்டு. எழுதியவர்களில் சுமை தூக்குகிறவர், வீட்டு வேலை செய்கிறவர் எல்லாம் இருந்தார்கள். வேலை போக மிஞ்சிய நேரத்தில் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அந்த ஊரில் அவர்களை எந்த எமிரும் கட்டாயப்படுத்தவில்லை, சான்றிதழுக்கும் வேலை இல்லை.

கயல்:
அந்தப் பயிற்சித் தாள்களின் படம் இருந்தால் போடுங்கள். எழுத்துப் பிழைகளைப் பார்க்க வேண்டும். யார் புதிதாகப் படித்தவர், யார் ஊரிலேயே படித்துவிட்டு வந்தவர் என்று அதில்தான் தெரியும்.